எறும்பு ஏறிய விமானம்

“மேல எப்படி இருந்துச்சு?”

“காது அடைச்சுது.”

“காதை விடுங்க. மேகமெல்லாம் எப்படி இருந்துச்சு?”

“வெள்ளையா இருந்துச்சு.”

“வேற?”

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். “சின்னதா ஒரு பன் குடுத்தாங்க,” என்றார்.

கல்யாணமான புதிதில், அவர் முதன்முதலாக விமானத்தில் போய்த் திரும்பிய அன்றைக்கு வாசற்கதவுக்குப் பக்கத்தில் நடந்த பேச்சு இது. பெட்டியைக் கீழே வைக்கக்கூட விடாமல் அவரை நிறுத்தி வைத்துக் கேட்டாள் அவள். வானத்தைத் தொட்டுவிட்டு வந்த மனிதர் பன்னைப் பற்றிச் சொன்னார். ‘அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்க’ என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். ஆனால் பன்னுக்குப் பிறகு அதை எப்படிச் சொல்வது? நாக்கின் நுனிவரை வந்த வாக்கியம் திரும்பிப் போய் உள்ளே உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். மகள் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் முடித்து, விடுதியில் தங்கிப் படிக்கப் போனபிறகும் அது எழுந்திருக்கவில்லை.

அவருக்கு லிஃப்ட் பொருத்தும் வேலை. புதுக் கட்டடம் எங்கே எழும்பினாலும் கம்பெனி அவரை அனுப்பிவைக்கும். கம்பிவடம் சரியான இறுக்கத்தில் இருக்கிறதா, கூண்டு ஓடுகிற தண்டவாளம் நேராக நிற்கிறதா என்பதைச் சுவரில் உள்ளங்கையை வைத்தே சொல்லிவிடுவார். பேச்சுதான் வராது. “இவன் ஒரு வார்த்தை பேசறதுக்குள்ள லிஃப்ட் மொட்டைமாடிக்குப் போயிட்டுத் திரும்பி வந்துடும்” என்று அவருடைய அக்கா சொல்வாள். பேச்சு வராத மனிதருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஊரிலிருந்து வந்ததும் முதலில் வீட்டுக் கதவுகளின் கீல்களுக்கு எண்ணெய் விடுவார். அவள் முகம் வாடியிருந்தால் அன்றைக்கு ஜன்னல்களுக்கும் எண்ணெய் கிடைக்கும்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் அவளும் ஒரு வேலையில் சேர்ந்தாள். விமான நிலையத்துக்குப் பின்னால், சரக்குக் கிடங்குகளைத் தாண்டி ஒரு பெரிய சலவைக்கூடம். அவர் இப்போது வழக்கமாகப் போகும் விமானக் கம்பெனியின் போர்வைகள் எல்லாம் அங்கேதான் துவைக்க வரும். சக்கரம் வைத்த கம்பிக்கூண்டுகளில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முதலில் அவளை மூட்டை பிரிக்கிற இடத்தில்தான் போட்டார்கள். மற்றவர்களுக்கு அது அழுக்குத் துணி. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு போர்வையில் கடல் வாசம் இருக்கும். ஒன்றில் நாய் முடி. ஒன்றின் மடிப்பிலிருந்து குழந்தையின் ஒற்றைக் காலுறை விழும். ஒருநாள் ஒரு போர்வையின் ஓரத்தில் மட்டும் கைக்குட்டை அகலத்துக்கு உப்புப் பூத்திருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி அவள் வெகுநேரம் நின்றாள். யாரோ மேகத்துக்கு மேலே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். கீழே மழை பெய்துகொண்டிருக்கும் ஊர்களுக்கு அது தெரிந்தே இருக்காது.

பிறகு அவளைக் கண்ணாடி மேசைக்கு மாற்றினார்கள். அடியிலிருந்து விளக்கெரியும் மேசை அது. துவைத்துக் காய்ந்த போர்வைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் விரித்து, ஓட்டை, கறை, பிரிந்த ஓரம் பார்க்க வேண்டும். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூட்டோடு உருவும்போது போர்வைகளுக்குள் படபடவென்று சின்னச் சின்னப் பொறிகள் பறக்கும். ‘ஷாக் அடிக்குது’ என்று மற்றவர்கள் கையை உதறிக்கொள்வார்கள். அவள் மட்டும் மின்னல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அப்படியில்லை என்பது தெரியும். தெரிந்தால் என்ன, நினைக்கக் கூடாதா?

ஓரம் பிரிந்த போர்வைகளை அங்கேயே தைத்துவிடுவாள். தையல் முடிகிற இடத்தில் அவள் போடும் முடிச்சு வேறு யாருக்கும் வராது. நூலை ஊசியில் சுற்றி இழுத்து, பக்கத்தில் இன்னொரு முறை சுற்றி, நுனியை மட்டும் வெளியே விட்டுவிடுவாள். இரண்டு சின்ன உருண்டையும் ஒரு துளி வாலுமாக, அச்சாக ஓர் எறும்பு துணிமேல் நிற்பதுபோல இருக்கும். சிறுவயதிலேயே அவள் கைக்குத் தானாக வந்த முடிச்சு அது. மகளின் சீருடையில், தலையணை உறையில், கணவரின் சட்டைப் பித்தான்களுக்கு அடியில் எல்லாம் அந்த எறும்புதான். “உங்க வீட்டுத் துணியில சர்க்கரை கிர்க்கரை தடவியிருக்கா?” என்று நாத்தனார் கேலி செய்வாள்.

சாப்பாட்டு இடைவேளையில் அவள் கூடத்தின் பின்வாசலுக்குப் போய் நிற்பாள். விமானங்கள் அந்த இடத்தில்தான் தாழ வரும். முதலில் தரை லேசாக அதிரும், பிறகு காற்று கனக்கும், அப்புறம் தலைக்கு மேலே அந்தப் பெரிய வெள்ளை வயிறு நகர்ந்து போகும். எத்தனை பார்த்திருக்கிறாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் சாப்பாடு வாய்க்குப் போகாமல் பாதியில் நிற்கும். இவ்வளவு கனம் எப்படி மேலே நிற்கிறது? உள்ளே இருக்கிறவர்கள் எப்படித் தூங்குகிறார்கள்? ‘என் கை பட்ட போர்வையெல்லாம் பறக்குது’ என்று நினைப்பாள். அதற்குமேல் நினைக்காமல் டப்பாவை மூடிவிடுவாள்.

அவருக்கு வங்கி கொடுத்த கடன் அட்டை ஒன்று இருந்தது. கம்பெனிச் செலவுகளை அதில் போட்டுவிட்டுப் பிறகு கம்பெனியிடம் வாங்கிக்கொள்வார். போட்டதற்கெல்லாம் புள்ளிகள் சேரும். சேர்ந்த புள்ளிகளை விமான டிக்கெட்டாகவும் மாற்றலாம், வீட்டுச் சாமானாகவும் மாற்றலாம் என்று வங்கி சொல்லியிருந்தது. ஒவ்வொரு முறையும், கொஞ்சம் சேர்ந்ததும், டிக்கெட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்ததும் வீட்டில் ஏதாவது ஒன்று சரியாக அந்த நேரம் பார்த்து மண்டையைப் போடும். ஒருமுறை மிக்சி. ஒருமுறை இஸ்திரிப் பெட்டி. இன்னொருமுறை மகளின் விடுதிக்குப் பெட்டி வேண்டியிருந்தது. குடும்பம் என்றால் அப்படித்தான், அவளே சந்தோஷமாகத்தான் கேட்டு வாங்கினாள். ஆனால் அந்த மிக்சியைப் போடும்போதெல்லாம் விமானம் கிளம்புகிற சத்தம் அவளுக்குக் கேட்கும். பறந்திருக்க வேண்டிய தூரத்தை அரைத்துக் கரைத்துக் குடித்தாயிற்று என்று தோன்றும். மூடியை அழுத்திப் பிடித்தபடி தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

அந்த அட்டையை வங்கி இப்போது நிறுத்தப் போகிறதாம். அதற்குப் பதிலாக இரண்டு அட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, வங்கியின் சொந்தப் பயண அட்டை. மற்றது, வங்கியும் அந்த விமானக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து தருவது. அதன்மேல் விமானத்தின் வால் படம் போட்டிருக்கும். விஷயத்தைச் சொன்னதுமே நாத்தனார் கிளம்பி வந்துவிட்டாள்.

நாத்தனாருக்கு அதே வங்கியில்தான் வேலை. அரை ஆயுளைக் கவுன்டருக்குப் பின்னால் கழித்தவள். வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, குளிர்பதனப் பெட்டியின் முனகலுக்குக் காது கொடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பகல். ஜன்னல் வழியாக வெயில் மேசையின் பாதிவரை வந்திருந்தது.

“நான் எங்க பேங்க்குக்காகப் பேசறேன்னு நினைக்காதீங்க. ரெண்டுமே எங்க பேங்க்குதான்,” என்று ஆரம்பித்தாள்.

வங்கி அட்டையில் சேரும் புள்ளிகளை எந்த விமானக் கம்பெனிக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஹோட்டல் அறைக்கு, ரயிலுக்கு, சாமானுக்கு, எதற்கும் ஆகும். வருஷக் கட்டணமும் குறைவு. விமான அட்டையில் புள்ளிகள் நேராக அந்த ஒரே கம்பெனியின் மைல்களாகத்தான் விழும். பெட்டி ஒன்று கூடுதலாகக் கொண்டு போகலாம், வரிசையில் முன்னால் ஏறலாம், வருஷத்துக்கு ஒருமுறை துணைச் சீட்டு கிடைக்கும். கூட வருகிறவருக்கு வரியை மட்டும் கட்டினால் போதும். ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் பறக்காவிட்டால் மைல்கள் அழிந்துபோகும். அந்தக் கம்பெனி போகாத ஊருக்கு அந்த அட்டை செல்லாக் காசு.

“புரியற மாதிரி சொல்லணும்னா, விமான அட்டை புகுந்த வீடு. அவங்க வெச்சதுதான் சட்டம். பேங்க்கு அட்டை பொறந்த வீடு. எப்ப வேணும்னாலும் போகலாம், எது வேணும்னாலும் கேக்கலாம்.”

“அப்ப புகுந்த வீட்டுல ஒண்ணுமே நல்லது இல்லையா அண்ணி?” என்று அவள் கேட்டாள்.

“இருக்கு. துணைச் சீட்டு. ஆனா உன் புருஷன் வேலைக்குத்தானே போறான், துணைக்கு யாரைக் கூட்டிட்டுப் போவான், ஸ்பேனரையா?”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேசைமேல் இருந்த துணியை எடுத்து, சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்தாள்.

நாத்தனார் விடவில்லை. அந்தக் கம்பெனியின் விமானம் கோழி கூவுவதற்கு முன்னால் கிளம்புகிறது, காலைக்கூட நீட்ட முடியாத இருக்கை, ஆனாலும் தம்பி அதிலேயே போய்க்கொண்டிருக்கிறான், ஏனென்று கேட்டால் ம் என்கிறான் என்று குறைப்பட்டாள். வேலை கொடுத்த கம்பெனி எந்த விமானத்தில் வேண்டுமானாலும் போ என்கிறபோது செக்குமாடு மாதிரி ஒரே தடத்தில் சுற்றுவானேன்? கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாள். “பறக்கறதைத் தவிர வேற ஒண்ணுக்கும் லாயக்கில்லாத அட்டை அது.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

பறப்பதைத் தவிர வேறு எதற்கும் ஆகாத அட்டை. அதைக் கொண்டுபோய் மிக்சியாக்க முடியாது. எந்த இஸ்திரிப் பெட்டி உயிரை விட்டாலும் அது அசையாது. சேர்ந்து சேர்ந்து, கடைசியில் வானமாக மட்டுமே மாறும். இப்படிக்கூட ஒரு பொருளை மனிதர்கள் செய்து வைத்திருக்கிறார்களா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. நாத்தனார் குறையாகச் சொன்ன அதே வாக்கியம், அவள் காதில் யாரோ வரம் கொடுப்பதுபோல விழுந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உள்ளே உட்கார்ந்திருந்த வாக்கியம் எழுந்து நின்றதுகூட அவளுக்குத் தெரிந்தது.

“நீ என்ன சொல்றே?” என்று நாத்தனார் கேட்டாள். “இந்த ஃபிரிட்ஜ் போடற சத்தத்தைப் பாத்தா இன்னும் ரொம்ப நாள் தாங்காது. பேங்க்கு அட்டையா இருந்தா புள்ளியிலயே மாத்திடலாம்.”

குளிர்பதனப் பெட்டியும் சொல்லி வைத்தாற்போல் ஒருமுறை முனகி அடங்கியது.

“நீங்க சொல்றதுதான் அண்ணி சரி,” என்றாள் அவள். குடும்பத்தை நடத்துகிறவள் வேறு என்ன சொல்வாள்? ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள். வானத்தில் போடுவதை எதைக் கொண்டு அளப்பது?

“நீ என்னடா சொல்றே?”

“ம்,” என்றார் அவர்.

“ஆச்சு. ரெண்டு பேரும் ஒரே மனசு. நான் இப்பவே போட்டுடறேன்.” நாத்தனார் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு கைப்பேசியில் தட்ட ஆரம்பித்தாள். அந்த விரல் ஒவ்வொரு முறை தட்டும்போதும் தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்காமலே திரும்பிப் போவதுபோல இருந்தது அவளுக்கு. ஒரு துணி மூட்டையை அவிழ்க்கிற சாக்கில் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவிழ்க்க மூட்டை ஏது?

“அக்கா.”

நாத்தனார் நிமிர்ந்தாள்.

“விமான அட்டையே போடு,” என்றார் அவர்.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியது சுவரிடமா என்று கேட்டாள். ஏன், எதற்கு, அந்தக் கம்பெனியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். அவர் முதலில் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கதவின் கீலைப் பார்த்தார். அதற்கு எண்ணெய் விட்டாகிவிட்டது என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் பேசினார்.

“அதுல போர்வை நல்லா இருக்கும்.”

நாத்தனார் ஒரு நிமிஷம் தம்பியையே பார்த்தாள். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். “போர்வைக்காகவா ஒருத்தன் விமானத்துல போவான்? நான் கடையில வாங்கித் தர்றேன்டா, கம்பளி மாதிரி நல்லதா.”

அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்தார், பெரிய விரலால் தடவித் தடவி எதையோ தேடினார். தேடியது கிடைத்ததும் அதை அக்காவிடம் காட்டாமல் மேசையின் குறுக்கே மனைவியின் பக்கம் நகர்த்தினார்.

மங்கலான படம். ஏதோ ஒரு நீலத் துணியின் ஓரத்தை அவருடைய கட்டைவிரல் மடித்துப் பிடித்திருந்தது. பின்னால் கொஞ்சம் ஜன்னல், முட்டை வடிவத்தில். அந்தத் துணியின் ஓரத்தில், விரல் நகத்துக்குப் பக்கத்தில், ஓர் எறும்பு.

இரண்டு உருண்டை. ஒரு துளி வால்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவர் சட்டையின் பித்தானைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். எத்தனை போர்வைகள் அந்தக் கண்ணாடி மேசையைக் கடந்து போயிருக்கும், அவை எத்தனை விமானங்களில் ஏறி எந்தெந்தத் திசைக்கெல்லாம் சிதறியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. அந்தப் பெருவெளியில் ஒரு சின்ன முடிச்சு, போக வேண்டிய மடிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

“என்னடா அது, துணி மூலையைப் போட்டோ எடுத்து வெச்சிருக்கே?” என்று எட்டிப் பார்த்த நாத்தனார், படத்தைப் பார்த்தாள், பிறகு தன் முந்தானையின் ஓரத்தைப் பார்த்தாள். அதிலும் ஓர் எறும்பு இருந்தது. போன முறை வந்தபோது பிரிந்த ஓரத்தைத் தம்பி மனைவிதான் தைத்துக் கொடுத்திருந்தாள். வாழ்க்கையில் அபூர்வமாக நாத்தனாருக்குப் பேச்சு நின்றது. “நான் போய் டீ போடறேன்,” என்று சொல்லிக் கைப்பேசியோடு சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவர் மெதுவாகச் சொன்னார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் லிஃப்ட் மாடி ஏறுகிற நேரம் ஆனது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு விடியற்காலை விமானத்தில் குளிருக்காகப் போர்வையை இழுத்து மூடியபோது கழுத்தடியில் ஏதோ நெருடியதாம். சட்டைப் பித்தானுக்கு அடியில் நெருடுகிற அதே நெருடல். தடவிப் பார்த்தவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லையாம். அன்றிலிருந்து அந்த விமானத்தில்தான் போகிறார். ஏறி உட்கார்ந்ததும் போர்வை கேட்டு வாங்கி நாலு ஓரத்தையும் தடவிப் பார்ப்பார்.

“வேர்த்து ஊத்தினாலும் கேப்பேன். விமானத்துல இருக்கற பொண்ணுங்க எனக்குப் போர்வைக்காரர்னு பேர் வெச்சிருக்குங்க.”

“ஒவ்வொரு தடவையும் கிடைக்குமா?”

“கிடைக்காது. எப்பவாவதுதான். கிடைச்ச அன்னைக்கு...” அவர் நிறுத்தினார். உள்ளங்கையை மேசைமேல் வைத்தார், லிஃப்ட் ஓடும் சுவரில் வைப்பதுபோல, எல்லாம் சரியாக ஓடுகிறது என்பதுபோல.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இத்தனை வருஷமாக வாய் திறக்காத ஒரு மனிதருக்குள் அவளுடைய எறும்பு இப்படி ஊர்ந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தாள். தலைக்கு மேலே அந்த வெள்ளை வயிறு நகர்ந்து போகும்போது வருகிற அதே திகைப்பு, இப்போது சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும், காது மடல் சிவந்துபோன அந்த மனிதரைப் பார்க்கும்போது வந்தது.

“அப்பவே ஏங்க சொல்லலை?”

“நீதானே சொன்னே.”

“நான் என்ன சொன்னேன்?”

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் விமானத்தைப் பற்றி அவர் ஏதோ பேச்செடுத்தாராம். வாரம் முழுக்க விமானத்தோட அழுக்கைத்தான் துவைக்கிறேன், லீவு நாள்லயாவது அந்தப் பேச்சு வேண்டாம் என்றாளாம் அவள். அவளுக்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மகளுக்குக் காய்ச்சல், அவளுக்கு இடுப்பு வலி. சொன்னவள் அப்போதே மறந்துவிட்டாள். கேட்டவர் மட்டும் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு, கம்பிவடம்போல இத்தனை வருஷம் இழுத்துப் பிடித்திருக்கிறார்.

“அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க?”

சமையலறையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

“நிழல்,” என்றார்.

“என்ன நிழல்?”

“மேகத்துக்கு மேல போறப்போ, சூரியன் அந்தப் பக்கம் இருந்தா, இந்தப் பக்கம் ஜன்னல்ல பாக்கணும். கீழ மேகத்து மேல நம்ம விமானத்தோட நிழல் ஓடும். சின்னதா, பொம்மை மாதிரி. அதைச் சுத்தி வட்டமா ஒரு வானவில் இருக்கும். பாதி இல்ல, முழு வட்டம். நாம போக போக அதுவும் கூடவே வரும். மேகம் மேடா இருந்தா கிட்ட வரும், பள்ளமா இருந்தா தூரப் போகும். ஆனா விட்டுட்டுப் போகாது.”

இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. பேசி முடித்ததும், யாரோ வேறு ஆள் பேசிவிட்டதுபோல அவரே கொஞ்சம் மிரண்டு உட்கார்ந்திருந்தார்.

“முதல் தடவை போனப்பவே பாத்தேன்,” என்றார் பிறகு. “நீ கதவுகிட்ட நின்னு கேட்டப்போ எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அதான் பன்னைச் சொன்னேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. நீலத் துணியும் எறும்பும் கலங்கித் தெரிந்தன. தான் வெளிச்சத்துக்கு மேலே விரித்துப் பார்த்து, மடித்து, அனுப்பி வைத்த ஒவ்வொரு போர்வையும் அந்த வட்டமான வானவில்லுக்கு மேலே போய் வந்திருக்கிறது. அதைத் தைத்த கை மட்டும் இங்கேயே, இந்தத் துடைக்கும் துணியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. அவர் கூப்பிட மாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று அவள் சொன்ன வார்த்தையை மீறுகிற ஆள் அவர் இல்லை. கேட்பதானால் அவள்தான் கேட்க வேண்டும்.

“டேய், இங்க ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன்,” என்று சமையலறையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினாள். “விமான அட்டைதான் போட்டிருக்கேன். துணைச் சீட்டுக்கு யாரைச் சேர்க்கறீங்கன்னு கேக்குது. என்ன போடட்டும்? ஸ்பேனர்னே போட்டுடட்டுமா?”

அவர் அவளையே பார்த்தார்.

அவள் அந்தத் துணியைக் கீழே வைத்தாள். கல்யாணமான புதிதில் திரும்பிப் போய் உட்கார்ந்த வாக்கியம் எழுந்து, நடந்து, கதவுவரை வந்து நின்றது. கீலுக்கு எண்ணெய் விட்டிருந்ததாலோ என்னவோ, இந்த முறை கதவு சத்தமில்லாமல் திறந்தது.

“அந்த நிழலை நான் பாக்கணுங்க,” என்றாள். “என்னையும் கூட்டிட்டுப் போங்க.”